தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு ஆபத்தில்லை என்று சொல்லாதீர்கள்

கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை விட்டுப்போன பாதரசத்தைப் பற்றி நேற்று ஒரு கலந்துரையாடல் நடந்தது. பார்த்தவர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியும். "தண்ணீரில் பாதரசம் அளவுக்குள்தான் இருக்கிறது. கொடைக்கானல் கதையை இன்னும் எத்தனை நாளைக்குப் பேசுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அதில் பேசிய ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

பாதரசத்தைத் தண்ணீரில் மட்டும் தேடினால் எப்படி? அது சேற்றில் போய்ப் படியும். அங்கே நுண்ணுயிரிகள் அதை மீத்தைல் பாதரசமாக, அதாவது உடம்பில் எளிதில் சேரும் நஞ்சாக, மாற்றும். புழு, சின்ன மீன், பெரிய மீன் என்று படிக்குப் படி கூடிக்கொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அங்கே மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன. மனிதர்களுக்கு வந்த நோய் பதிவானது 1956இல். ஆலை கழிவு விடுவதை நிறுத்தியது 1968இல். அதனால்தான் சேற்றைப் பாருங்கள், மீனைப் பாருங்கள் என்று கத்துகிறோம்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது பாட்டி வீட்டில் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டேன். வெள்ளி மணிகள் தரையெல்லாம் உருண்டன. அம்மா காகிதத்தில் கூட்டி அள்ளினார், தரையைத் துடைத்தார், முடிந்தது என்றார். பொங்கலுக்குப் பாயைத் தூக்கினால் சிமென்ட் விரிசலுக்குள் அதே மணிகள் மினுங்கின. ஒரே ஒரு தெர்மாமீட்டர்!

"கொடைக்கானல் ஆலையை 2001லேயே மூடியாச்சே" என்பீர்கள். மூடினால் என்ன? பாதரசம் மக்கிப் போகிற பொருளா? "வேலை கொடுத்த ஆலை" என்பீர்கள். சரி, கொடுத்தது. வேலை பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் நியாயம் கேட்டு அலைந்த பிறகு, 2016இல்தான் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது. அவர்களைப் பார்த்தும் இப்படிச் சிரிக்க முடியுமா?

ஆலை இருந்த இடத்தைச் சுத்தம் செய்த பிறகும் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். யாருக்கு ஏற்ற அளவு அது? ஆலைக்குக் கீழே சரிவில் பாம்பார் சோலை என்ற மலைக்காடு. மழை பெய்தால் மண் அங்கேதான் இறங்கும். அந்தப் பாசியும் தவளையும் எவ்வளவு தாங்கும் என்று கேட்டால், வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள். நான் அந்த மலையில் பிறந்தவன். எனக்கா அந்த ஊர் வாழக் கூடாது?

சோலைத் தண்ணீர் கும்பக்கரை அருவிக்கு இறங்குகிறது. போன மே மாதம் அங்கேதான் என் மகள் பாறையிடுக்கில் கைவிட்டு மீன்குஞ்சு பிடித்துக் காட்டினாள். அந்த இடுக்கின் சேற்றையும் அந்த மீனையும் எடுத்துச் சோதியுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான்.