காளான் விடாத வேர்ப்பூஞ்சைகள்
வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகளைச் சேகரிக்க, மழைக்குப் பின் காளான் முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று பூஞ்சை மாதிரி சேகரிப்பு பற்றிய இக்கட்டுரையில் கூறப்பட்டிருப்பது, பைன், யூகலிப்டஸ் போன்ற மரங்களின் வேர்நுனியைப் போர்த்தி வளரும் வகைக்கே பொருந்தும். பெரும்பாலான பயிர்களின் வேர்ச்செல்லுக்குள் புகுந்து வாழும் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா என்னும் வேர்ப்பூஞ்சை வகை காளான் விடுவதேயில்லை. எண்ணூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் நானும் மாணவர்களும் சித்திரை வெயிலில் நுண்வேர்களோடு அள்ளிய மணலை, 1963-இல் கெர்டமன், நிக்கல்சன் என்னும் ஆய்வாளர்கள் விவரித்த ஈரச்சல்லடை முறையில் நீரில் கலக்கி நுண்சல்லடைகளில் வடித்தபோது, பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய வித்துகள் (ஸ்போர்கள்) கிடைக்கவே செய்தன. அங்கே ஒரு சிக்கலும் உண்டு: அனல்மின் நிலையச் சாம்பலில் கலந்துள்ள கண்ணாடி போன்ற நுண்கோளங்களும் உருண்டையாகவே இருப்பதால், முதல் நாள் அவற்றையே வித்துகளென எண்ணி மகிழ்ந்துவிட்டோம். நுண்ணோக்கித் தகட்டின் மேல் வைக்கும் மெல்லிய மூடுகண்ணாடியை ஊசியால் மெல்ல அழுத்தினால் வித்து பிளந்து எண்ணெய்த்துளிகளை வெளிவிடும், சாம்பல் கோளம் அப்படிச் செய்யாது என்பதைப் பிறகே கற்றோம். இவற்றைப் பெட்ரித் தட்டில் (ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் மூடியிட்ட தட்டு) வளர்த்துப் பாதுகாக்கலாமே என்று கட்டுரைக்கான கருத்துகளில் கேட்டிருக்கும் நண்பருக்கு: இவை உயிருள்ள வேரின்றி முழுமையாக வளர மாட்டா என்பதால், சோளத்தையோ மக்காச்சோளத்தையோ தொட்டியில் வளர்த்து பெரும்பாலும் அதன் வேரில் பெருக்குகிறார்கள். உலர்த்திய தாவர, பூஞ்சை மாதிரிகளைச் சேமிக்கும் உலர்தாவரகத்துக்கு வித்துகளைக் கண்ணாடித் தகட்டில் நிலைப்படுத்தித் தரலாம். ஆனால் நிலைப்படுத்தும் திரவத்தில் நிறம் மாறக்கூடும் என்பதால், புதிய வித்தின் நிறத்தையும் எந்தச் செடியின் வேரடி மண் என்பதையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். என் முதல் தகட்டின் விவரச் சீட்டில் ‘மணல், எண்ணூர்’ என்று மட்டுமே இருந்தது. அந்தத் தகடு இன்று யாருக்கும் பயன்படவில்லை.