இரண்டு சந்தனம், ஒரு ஹால்

ஹாலுக்கு பெயின்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஷேடு கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சந்தன நிறங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு குடும்பத்தையே இரண்டு கட்சியாக்கிவிட்டன. ஒன்றில் லேசாக மஞ்சள் ஓடுகிறது, இன்னொன்றில் லேசாக ரோஸ். கடை வெளிச்சத்தில் அதுவும் தெரியாது.

சரி என்று சாம்பிள் வாங்கி சுவரில் அடித்தோம். காலையில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக வேலூர் வெயில் இறங்கியதும் மஞ்சள் சந்தனம் கண்ணைப் பறிக்கிறது. ராத்திரி 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை டியூப்லைட்டைப் போட்டால் ரோஸ் சந்தனம் வெளிறிச் சாம்பலாகிறது. 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்ச பல்பைப் போட்டால் அதுவே பளிச்சென்று இருக்கிறது. ஆக, முதலில் பல்பை முடிவு செய்ய வேண்டுமாம்! போதாக்குறைக்கு, ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் கொஞ்சம் அழுத்தமாக இன்னொன்று. சுற்றிலும் பழைய பச்சை இருப்பதால் ரோஸ் இன்னும் தூக்கலாகத் தெரிகிறது. வெள்ளை அட்டையில் அடித்து, அதைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக நடப்பதுதான் இப்போது என் வேலை.

பெயின்டர் அண்ணனைக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, ரோட்டுத் தூசி படிஞ்சா எல்லாம் ஒரே கலர்தான்" என்றார். அம்மாவோ இப்போது ஷேடு கார்டில் மூன்றாவதாக ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்திருக்கிறார். அதுவும் சந்தனம்தான்.