அக்கா மகள் புவியியல் படிக்கப் போகிறாள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. ஏ லெவல் முடித்திருக்கும் அக்கா மகள், பல்கலைக்கழகத்தில் புவியியல் எடுக்கப் போவதாகச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்து பார்த்து, “அதைப் படிச்சு என்னம்மா பண்ணப்போறே? மேப் வரையவா?” என்று கேட்டார். அக்கா முகம் வாடிவிட்டது. பெரியவரை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது தப்பு. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் 22 வருடமாகக் கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கிறவன், வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி. இப்போது சிங்கப்பூரின் தெங்கா புதுநகரில். தளத்தில் டபிள்யூபிஜிடி மீட்டர் ஒன்று இருக்கிறது, வெயில், காற்றின் ஈரம், சூடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அளவாகக் காட்டும் கருவி. அதன் தலையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை. வெயிலின் சூட்டை வாங்குவது அதுதான். ஆனால் கணக்கில் பெரிய பங்கு அதற்கு இல்லை. வெயிலில் அளக்கும்போது 10ல் 7 பங்கு ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, 2 பங்கு உருண்டைக்கு, சாதாரணக் காற்றுச் சூட்டுக்கு ஒரே ஒரு பங்கு. காரணம் எளிது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. வெயிலே தெரியாத மூட்டமான நாளில்கூட ஆள் சுருண்டு விழுவது அதனால்தான்.

2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதிப்படி, இந்த மீட்டரின் அளவு 32 டிகிரியைத் தொட்டால் கடும் வேலை செய்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிடம். இந்த விதி வருவதற்குப் பல வருடம் முன்பு, வேறொரு தளத்தில், கம்பி கட்டிக்கொண்டிருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் மதியம் மூன்று மணிக்கு என் கண்ணெதிரே சரிந்தார். மேற்பார்வையாளர் சொன்னது, “காலையில சாப்பிட்டிருக்க மாட்டான்.” தம்பி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் அங்கே எவ்வளவு சூடு என்று அளந்து சொல்ல எங்கள் யாரிடமும் ஒன்றுமே இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

சரி, இதற்கும் புவியியலுக்கும் என்ன சம்பந்தம்? வின்ஸ்டன் சௌ என்று ஒருவர் இருக்கிறார். நம் ஊர்க்காரர், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவர். அங்கே மத்தியாஸ் ராத் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, கடைத்தெரு, அலுவலகப் பகுதி, வீவக பேட்டை (அரசு அடுக்குமாடி வீடுகள்), தனிவீட்டுப் பகுதி என்று இடம் இடமாகக் காற்றின் சூட்டை அளந்தார். 2006ல் முடிவு வெளியானது. ஆர்ச்சர்ட் ரோடு வட்டாரத்துக்கும் ஊருக்கு வெளியே மரம் செடி அடர்ந்த இடத்துக்கும் இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம்! இந்தச் சின்னத் தீவுக்குள்ளேயே! பகலெல்லாம் கான்கிரீட் குடித்த சூடு, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்ல வெளியே வருகிறது. நெருங்கி நிற்கும் கட்டடங்களுக்கு நடுவில் அது சீக்கிரம் மேலே போவதில்லை.

அப்புறம் அவர் அரிசோனாவில், பாலைவனத்து நகரம் ஒன்றின் பக்கத்தில் முனைவர் பட்டம் முடித்தார். திரும்பி வந்து படித்த இடத்திலேயே பாடம் நடத்தினார், இப்போது சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். 2023 ஜூலையில், உலகப் பருவநிலை அறிக்கைகளைத் தயாரிக்கும் ஐபிசிசி அமைப்பில் இரண்டாம் பணிக்குழுவின் இணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பருவநிலை மாற்றத்தால் யாருக்கு, எங்கே, என்ன பாதிப்பு, அதற்கு எப்படி ஈடுகொடுப்பது என்று ஆராய்கிற குழு அது. பெரியப்பா, மேப் வரையத் தெரிந்தவர் போய்ச் சேர்ந்த இடம் இது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் லில்லி கோங் அவர்களும் புவியியல் படித்தவர்தான்.

அக்கா மகளோடு தேக்காவில், நம் லிட்டில் இந்தியாவில், நடந்து பாருங்கள், அந்தப் படிப்பு என்ன என்று புரியும். பஃபலோ ரோடு, கண்டாங் கெர்பாவ் (மலாயில் எருமைத் தொழுவம்) என்றெல்லாம் ஏன் பெயர் வந்தது தெரியுமா மாமா என்று ஆரம்பிப்பாள். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பில் தண்ணீரும் புல்லும் இருந்தன, அதனால் மாட்டுத் தொழுவம் வந்தது, மாட்டோடு நம் ஆட்கள் வந்தார்கள் என்பாள். வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே சுண்ணாம்புக் காளவாய் இருந்ததை இவள் சொல்லித்தான் யோசித்தேன். இத்தனை வருடம் அந்தக் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறேன், காலுக்குக் கீழே என்ன மண் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வேலை கிடைக்குமா என்ற அக்காவின் பயம் நியாயமானது. ஆனால் 2013 ஜூனில் புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டபோது நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் இல்லையா? அந்தப் புகை வந்த சுமத்ராவில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்ததால் காய்ந்த கரிச்சதுப்பு நிலம், மண்ணுக்கு அடியிலேயே எரிகிறது என்று நமக்கு விளக்க ஆள் தேவைப்பட்டது. இனி மேலும் தேவைப்படும். கடல் ஏறிக்கொண்டிருக்கிற தீவு இது.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, “மாமா, தினமும் மீட்டர் அளவை எழுதி வைப்பீங்கல்ல, எனக்குக் காட்டுவீங்களா?” என்று கேட்டாள். என் சொந்த டைரியில் 2023லிருந்து குறித்து வைத்திருக்கிறேன், தருகிறேன் என்றேன்.

“உங்க தளத்துல வேலை பார்க்கிறவங்க ராத்திரி தூங்குற ரூம்ல எவ்வளவு சூடுன்னு அதுல இருக்கா?”

இல்லை. ஆறு மணிக்கு மேல் நான் ஒன்றும் எழுதுவதில்லை. “ரூம்ல ஃபேன் போட்டாலும் அனல்தாண்ணே வருது” என்று தம்பிகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். அதைக் குறித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி, விடுதியில் இருக்கும் ஒரு தம்பியிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கட்டில் பக்கத்தில் மாட்டச் சொல்ல வேண்டும்.