மூன்று நொடிக்கு ஓர் அடி

நிமிடத்துக்கு 20 அடி. ஓர் அடி வைத்தால் அடுத்ததற்கு மூன்று நொடி. எழுந்து நின்று நடந்து பாருங்கள், ஒற்றைக் காலில் உடம்பு தள்ளாடும். ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் 'மார்ச்சிங் 100' பேண்ட் பிள்ளைகள் வாத்தியத்தைச் சுமந்துகொண்டு இப்படி நடப்பார்கள். வேகமெடுத்தால் நிமிடத்துக்கு 300 அடிக்கும் மேல்.

இந்த நடையைப் பழக்கிய பேண்ட் மாஸ்டர் வில்லியம் பி. ஃபாஸ்டர். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். கறுப்பர் என்பதால் அங்கே மார்ச்சிங் பேண்டில் அவருக்கு இடமில்லை. இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் ஆக வேண்டும் என்று சொன்னதற்கு, கறுப்பர்களுக்கு அந்த வேலை கிடைக்காது என்று டீனே சொல்லிவிட்டார். ஃபாஸ்டர் என்ன மனுஷர்! அவர் 1946-ல் ஃப்ளோரிடாவின் டல்லஹாசிக்கு வந்து, அப்போது கறுப்பின மாணவர்களின் கல்லூரியாக இருந்த ஏ அண்ட் எம்-இல் பேண்டைக் கையில் எடுத்தார். 1998 வரை, 52 வருடம், விடவே இல்லை.

'பேண்டை ஆட வைத்தவர்' என்று பலரும் அவரைச் சொல்வது எனக்குப் போதவில்லை. முழங்காலைத் தொண்ணூறு பாகைக்குத் தூக்குவதும் நடனமும் கண்ணுக்குத் தெரிகிற பாதி. மறுபாதி மனப்பாடம். அத்தனை இசையும் மனதில் இருக்க வேண்டும், கையில் தாள் கிடையாது. பள்ளியில் நான் சைடு டிரம் அடித்தவன். தாளைப் பார்த்து வாசிக்கிறவன் பக்கத்து வரிசையைப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு தட்டு பிசகினால் பின்னால் வருகிற அத்தனை காலும் பிசகும்.

1985-ல், கல்லூரி மார்ச்சிங் பேண்டுகளுக்குத் தரும் சட்லர் கோப்பை வந்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. பிரெஞ்சுப் புரட்சியின் 200-வது ஆண்டு விழாவுக்கு, 1989-ல், அமெரிக்காவின் சார்பில் பாரிஸ் வீதியில் நடந்ததும் இந்தப் பிள்ளைகள்தான். இன்று எந்தக் கறுப்பினக் கல்லூரியின் கால்பந்தாட்ட இடைவேளை நிகழ்ச்சியைப் பார்த்தாலும் ஃபாஸ்டரின் சாயல் தெரியும்.

அவர் 2010-ல் மறைந்தார். மறு வருடமே, அதே பேண்டை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் மாணவர் ஒருவர் ராகிங்கில் இறந்துபோனார். சக மாணவர்கள் பேருந்துக்குள் வைத்து அடித்திருக்கிறார்கள். பேண்டையே நிறுத்தி வைத்தார்கள், 2013-ல்தான் திரும்ப வந்தது. புகழ்ந்து எழுதும்போது பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னால் முடியவில்லை. 'நம்ம பேண்ட்' என்ற பெருமை அந்தப் பேருந்துக்குள்ளும்தான் இருந்தது. அடி எடுத்து வைக்க ஃபாஸ்டர் சொல்லிக்கொடுத்த இடத்தில், ஒரு பிள்ளை அடி வாங்கியே செத்தான்.