இறுதியாட்டத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

மலேசியக் கிண்ணக் கால்பந்து இறுதியாட்டம் பார்க்கக் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குப் போனால் அங்குள்ள பேரங்காடியிலேயே சாப்பிடச் சொல்கிறது ஒரு கட்டுரை. ஆட்ட நாளில் அங்கே நாற்காலி கிடைக்குமா? பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து நாங்கள் இடிஎஸ் மின்ரயிலேறி கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்குவோம். நம் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் நடக்கிற தூரம். மதியம் வாழையிலைச் சாப்பாடு. சோறும் காய்கறியும் கேட்கக் கேட்க வைப்பார்கள், மீனுக்குத்தான் தனிக்காசு. பாகற்காய் வறுவல் மொறுமொறுப்பாக இருந்தால் கூச்சப்படாமல் இன்னொரு கை கேளுங்கள். (ரசத்தையும் கேட்டு வாங்க வேண்டும், தோட்டத்துக் கல்யாணப் பந்தி இல்லையே!) அப்புறம் எல்ஆர்டி நகர ரயில், மஸ்ஜித் ஜாமெக்கில் ஸ்ரீ பெட்டாலிங் தடத்துக்கு மாறினால் அரங்கத்துப் பக்கத்திலேயே இறங்கலாம். ஆட்டம் முடிந்ததும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், குடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பலாம்தான். ஆனால் பெனால்டி வரை இழுத்தால் கடைசி எல்ஆர்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ரயில் மறுநாள்தான். பிரிக்பீல்ட்ஸிலேயே அறை எடுத்துவிடுங்கள்.