பிரஷருக்கு ஒன்லைன் திட்டத்தில் சேர முன்

திருகோணமலையில் இப்போது வட்ஸ்அப்பைத் திறந்தால், பிரஷரையும் நிறையையும் குறைக்கிறோம் என்று ஏதாவதொரு ஒன்லைன் திட்டம் வந்து நிற்கிறது. சேருங்கள், பிழையில்லை. மாதமொருமுறை கிளினிக்கில் சில நிமிடம் கிடைக்கும் கவனம் போனில் நாளாந்தம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் பிரஷரைச் சரியாக அளக்கச் சொல்லித்தராத திட்டத்துக்குக் காசு கட்டாதீர்கள்.

நிறை கூடியவர்களுக்கு மேற்கையும் பருத்திருக்கும். மெஷினோடு வரும் கைப்பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கானது. 35 சென்ரிமீற்றர் கையில் அதை இழுத்துக் கட்டினால் உள்ளதைவிடக் கூடக் காட்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். 32க்கு மேலென்றால் பெரிய பட்டி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

காலையில் எழும்பி, சலம் கழித்து, தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் முன், சாய்மானக் கதிரையில் 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கால் நிலத்தில், கை மேசையில், பட்டி நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம். பின்னேரமும் அப்படியே. 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள். பிரஷர் கூட என்று சொல்லும் எல்லை கிளினிக்கில் 140/90; வீட்டில் அதற்குச் சமன் 135/85. இது தெரியாத பயிற்றுநர் வீட்டில் 138 வந்தவருக்கும் நல்லம் என்று பதில் போட்டுவிடுவார்.

அடுத்தது உப்பு. கலோரியை எண்ணும் பல திட்டங்கள் இதை எண்ணுவதில்லை. எனக்கு ஆகப் பெரிய கவலை இதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. நம் குசினியில் பிட்டு மாவுக்கு உப்பு, சம்பலுக்கு உப்பு, சொதிக்கு உப்பு, பக்கத்தில் பொரித்த கருவாடு. ஒரே கோப்பைக்குள் நாலு வழியால் வருகிறது. மாவிலும் சோற்றிலும் முற்றாக நிறுத்துங்கள், கறி அதை ஈடுசெய்யும். சம்பலுக்குப் பாதி உப்பு, கூடத் தேசிக்காய்ப் புளி. கடற்கரை ஊரில் கருவாட்டை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? கிழமைக்கு ஒருநாள், ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வேறு உப்பில்லாமல் கறியாக வையுங்கள்.

400 கிராம் உப்புப் பைக்கற்றை உடைக்கும் நாளில் அதன்மேல் திகதி எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் 20 நாளில் முடிந்தால் ஆளுக்கு நாளைக்கு 5 கிராம். பாண், கருவாடு, சூப் கட்டி இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே பைக்கற் ஒரு மாதம் தாண்ட வேண்டும்.

சில குழுக்களில் பொட்டாசியம் கலந்த உப்பைப் பரிந்துரைக்கிறார்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் லோசாட்டன், எனலாப்ரில் என்ற பிரஷர் குளிசைகள் குடிப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே குழம்பும்.

முதல் வாரம் 2, 3 கிலோ இறங்கினால் பெரும்பகுதி நீர். 80 கிலோ ஆள் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்து அப்படியே வைத்திருந்தால் பிரஷரில் தெரியும். டச்சுக்குடா கடற்கரையில் வெயில் ஏற முன் 30 நிமிடம், கிழமைக்கு 5 நாள்; கதைக்கலாம், பாட முடியாது என்ற வேகத்தில் நடந்தால் போதும்.

குளிசையை நிறுத்துங்கள் என்று ஒரு வரி வந்தால் அந்தக் குழுவை விட்டு உடனே விலகுங்கள். நிறை குறைந்தபின் எழும்பும்போது தலைசுற்றினால், எழுதிய அளவுகளைக் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். குளிசையைக் குறைப்பது வைத்தியரின் வேலை. நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், வாய்க் கோணல், ஒருபக்கம் கைகால் சோர்தல் வந்தால், மெஷின் என்ன காட்டினாலும், குழுவில் கேட்டுக்கொண்டிராமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.