'ஏனுங்க' என்று அச்சடித்தால் போதுமா?

காங்கயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாதம் என்னை அழைத்தார். எண்ணெயைப் பாட்டிலில் அடைத்துக் கோயம்புத்தூர் கடைகளுக்குக் கொடுக்கப் போகிறாராம். 'உங்க பிராண்டுக்கு ஒரு குணம் வேணும்' என்று சொல்லி ஒரு விளம்பர நிறுவனம் லேபிள் செய்து கொடுத்திருந்தது. தங்க நிறக் கரை, நடுவில் சிம்மாசனம், கீழே 'ஏனுங்க, நம்மூரு எண்ணெய்ங்க!' பார்த்ததும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

பிராண்டுக்குக் குணம் உண்டு என்பது உண்மைதான். ஜெனிஃபர் ஆக்கர் என்ற ஆய்வாளர் 1997-லேயே நேர்மை, உற்சாகம், திறமை, நயம், முரட்டு உறுதி என்று ஐந்து வகை பிரித்துக் காட்டினார். ஆனால் அது அமெரிக்கர்களிடம் கேட்டு எழுதியது. அவரே வேறு சிலரோடு சேர்ந்து ஜப்பானிலும் ஸ்பெயினிலும் ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டபோது, முரட்டு உறுதி இரண்டு பட்டியலிலும் இல்லை. அமைதி என்ற குணம் இரண்டிலும் இருந்தது. ஊருக்கு ஊர் மாறுகிற விஷயத்தை நம் செக்கடியில்தானே தேட வேண்டும்?

அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். திருப்பூரிலிருந்து காரில் வந்த ஒருவர் அஞ்சு லிட்டர் கடலை எண்ணெய் கேட்டார். அண்ணனின் அம்மா, "நேத்து ஆட்டுனதுங்க, இன்னும் தெளியலீங்க. ரெண்டு நாள் வெயில்ல இருக்கட்டும், வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். "பரவால்லீங்க, அப்படியே குடுங்க" என்று அவர் எவ்வளவோ கேட்டும் அம்மா அசையவில்லை. மோர் கொடுத்து அனுப்பி வைத்தார்.

இதுதானே அந்தச் செக்கின் குணம்! வந்த வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று எதைச் செய்ய மறுக்கிறார்களோ, அதில்தான் அது இருக்கிறது. எந்த டிசைனரும் அதை வரைந்து தர முடியாது.

நம் பேச்சை லேபிளில் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த 'ங்க' நமக்கு அலங்காரமில்லை, மரியாதை. சில மாதம் முன்பு ஒரு நெய் வாங்கினேன். மூடியில் 'வாங்க கண்ணு' என்று எழுதியிருந்தது. ஜாடி ஒழுகியது. மூன்று நாள் போன் செய்தும் யாரும் எடுக்கவில்லை. அப்புறம் அந்தக் 'கண்ணு'வைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வந்தது.

அண்ணனிடம் சொன்னேன்: சிம்மாசனத்தை எடுத்துவிடுங்கள். ஆட்டிய தேதி, தெளிந்த தேதி இரண்டையும் போடுங்கள். கீழே 'தெளியாமல் கொடுப்பதில்லைங்க' என்று ஒரே வரி.

அவருக்கும் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஐப்பசி மழையில வெயிலே இருக்காதே, கடைக்காரன் சரக்கு கேட்டா என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. 'மழைக்காலத்தில் தாமதமாகும்' என்பதையும் முன்கூட்டியே கடைகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. உள்ளே புண்ணாக்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மா மட்டும், "இல்லீன்னு சொல்லோணும், வேறென்ன?" என்றார்.